உயிரும் செஞ்சோற்றுக் கடனும்

எறும்பு முதல் யானை ஈறாக உள்ள எல்லா உயிர்க்கும் தன் உயிர் இனியது. மழைநீர் புற்றினுள் புகுமானால் எறும்புகள் தம் முட்டைகளைக் கவ்விக்கொண்டு மேட்டு நிலத்தை நாடுகின்றன. காட்டில் தீப்பற்றினால் மானும் புலியும் பகைமறந்து ஒரே திசையில் ஓடுகின்றன. உயிரைக் காத்துக்கொள்ளும் இவ்வுணர்ச்சியை இயற்கையே அளித்துள்ளது. அது பழிக்கத்தக்கதன்று. அஃது இல்லையேல் உலகில் உயிர்வாழ்க்கையே நடைபெறாது.

ஆயினும், மனிதன் உயிரை மட்டும் உடையவன் அல்லன், உறவையும் உடையவன். ஊட்டி வளர்த்தவர்க்கும், உற்ற நேரத்தில் உதவியவர்க்கும், நம்பிப் பொறுப்பை ஒப்படைத்தவர்க்கும் அவன் கடன்பட்டிருக்கிறான். இக்கடனைச் 'செஞ்சோற்றுக் கடன்' என்னும் தொடரால் தமிழர் குறித்தனர். ஒருவன் அளித்த சோற்றை உண்டு வாழ்ந்தவன், அவனுக்கு இடர் நேர்ந்தபோது தன்னுயிரைக் கொடுத்தேனும் அந்நன்றியைச் செலுத்துதல் வேண்டும் என்பது அதன் கருத்து.

பெரும்பாலான நாள்களில் உயிர்வாழ்தலும் கடனாற்றுதலும் தம்முள் முரணுவதில்லை. உழவன் உழுதும், ஆசிரியர் கற்பித்தும், காவலன் காத்தும் தத்தம் கடனை ஆற்றியே உயிர் வாழ்கின்றனர். ஆனால், இரண்டினுள் ஒன்றையே கொள்ளல் இயலும் என்னும் நிலை ஒருநாள் வந்துவிட்டால் என் செய்வது? அதனினும் கொடியதாக, நாம் கடன்பட்டுள்ள தலைவன் தீய நெறியில் நிற்பானாயின் என் செய்வது? அவனைவிட்டு நீங்கினால் நன்றி மறந்தவராவோம்; அவனுடன் நின்றாலோ தீமைக்குத் துணைபோனவராவோம். இவ்விக்கட்டான நிலையில் மக்களை நிறுத்தி, அவர்தம் உள்ளத்தை நமக்குத் திறந்துகாட்டுவதில் இலக்கியம் வல்லது.

இது குறித்து வள்ளுவர் சில தெளிவுகளைத் தந்துள்ளார். 'அமைச்சு' என்னும் அதிகாரத்தில், தலைவன் தானும் அறியாதவனாய், அறிந்தவர் சொல்லையும் தள்ளுபவனாய் இருப்பினும், அவனுக்கு உறுதியானதை எடுத்துரைத்தல் அருகிலிருப்பவனின் கடமை என்கிறார். 'படைச்செருக்கு' என்னும் அதிகாரத்திலோ, தன்னைப் பேணிய தலைவனின் கண்களில் நீர் பெருகும்படி ஒருவன் இறக்கப்பெறின், அத்தகைய சாவு இரந்தேனும் பெறத்தக்கது என்கிறார். ஒன்று, தலைவனுக்கு உண்மையைச் சொல்லும் கடமை; மற்றொன்று, தலைவனுக்காக உயிரைக் கொடுக்கும் கடமை. இவ்விரண்டையும் ஒருங்கே ஆற்றிய ஒருவனைக் கம்பருடைய இராமாயணத்தில் காண்கிறோம். அவன் அறத்தின் பக்கம் நின்ற வீரன் அல்லன். பகைவர் படையைச் சேர்ந்த அரக்கன். அவன் பெயர் கும்பகருணன்.

கம்பர் கி.பி. 12-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர் என்பது பெரும்பான்மையோர் கருத்து. அவர் செய்ந்நன்றியின் அருமையைத் தம் வாழ்விலும் உணர்ந்தவர். தம்மை ஆதரித்த திருவெண்ணெய்நல்லூர்ச் சடையப்ப வள்ளலைத் தம் காவியத்தில் பல இடங்களில் நன்றியுடன் நினைவுகூர்கிறார். இராமன் முடிசூடும் காட்சியிலும், அம்முடியை எடுத்து வசிட்டரிடம் கொடுத்தவர் அவ்வள்ளலின் முன்னோரே என்று பாடித் தம் கடனைத் தீர்த்துக்கொள்கிறார். இத்தகைய புலவர் செஞ்சோற்றுக் கடனைப் பற்றிப் பாடும்போது அச்சொற்களில் உயிர்த்துடிப்பு இருத்தல் இயல்பே.

இராவணன், கும்பகருணன், வீடணன் ஆகிய மூவரும் உடன்பிறந்தோர். மூத்தவன் சீதையைக் கவர்ந்துவந்து அசோகவனத்தில் சிறைவைத்தான். அனுமன் இலங்கையை எரித்துச் சென்றபின் அவன் தன் மந்திரச் சுற்றத்தைக் கூட்டினான். அங்கிருந்த படைத்தலைவர் பலரும் அவன் செவிக்கு இனிமையாகப் பேசினர். வானரரையும் மனிதரையும் நொடியில் அழித்துவிடலாம் என்றனர். அப்போது கும்பகருணன் எழுந்தான். நகரம் எரிந்தமைக்கு நாணுகின்ற நீ, பிறன் மனைவியைச் சிறைவைத்ததற்கு நாணவில்லையே என்று தமையனை இடித்துரைத்தான். குற்றமற்ற ஒருத்தியைச் சிறைவைத்துவிட்டுக் குற்றமற்ற புகழையும் விரும்புகிறோம். பேசுவது மானம், பேணுவது காமம். நம் வெற்றி மிக நன்று என்று எள்ளி உரைத்தான். ஆயினும், பகை மூண்டுவிட்ட நிலையில் அஞ்சிப் பின்வாங்குதல் எளிமையாகும். போரில் இறப்பினும் பழியில்லை என்பதே அன்று அவன் கொண்ட முடிவு.

வீடணனோ அதனினும் ஒருபடி மேற்சென்றான். சீதையை விடுவித்தலே வழி என்று வற்புறுத்தினான். செருக்குற்று அழிந்த இரணியன் வரலாற்றை விரிவாக எடுத்துக்கூறித் தமையனைத் திருத்த முயன்றான். இராவணன் சினந்தான். பகைவரிடம் அன்புகொண்டவன் என்று தம்பியைப் பழித்தான். தன் கண்முன் நில்லாது அகலுமாறும், நின்றால் சாவு உறுதி என்றும் கூறினான். வீடணன் தன் அமைச்சர் நால்வருடன் இலங்கையைவிட்டு நீங்கி, இராமனை அடைக்கலமாக அடைந்தான்.

உடன்பிறந்த இருவரும் ஒரே உண்மையைக் கண்டனர். ஒரே அவையில் அதை எடுத்துரைத்தனர். பின்னர் ஒருவன் சென்றான், மற்றவன் நின்றான். இங்குத் தொடங்கிய பிரிவு போர்க்களத்தில் முற்றுகிறது.

முதல் நாட் போரில் இராவணன் தோற்றுப் படைக்கலம் இழந்து வெறுங்கையனாய் நின்றான். அவனைக் கொல்லாமல், மறுநாள் வருமாறு கூறி இராமன் அனுப்பினான். அந்நாணத்தால் நைந்த இராவணன், உறங்கிக்கொண்டிருந்த கும்பகருணனை எழுப்புமாறு ஏவலரை அனுப்பினான். வந்து வணங்கிய தம்பியைத் தழுவிக்கொண்டு, கவசம் பூட்டி, அணிகள் அணிவித்து, தன் கைகளாலேயே அவனுக்குப் போர்க்கோலம் செய்தான். 'இஃது எதற்காக?' என்று வினவிய தம்பிக்குப் போர் மூண்ட செய்தியைச் சொன்னான்.

அதனைக் கேட்ட கும்பகருணன் தன் வலிமையைப் புகழ்ந்து பேசவில்லை. பகைவரின் படை எத்தகையது என்றும் வினவவில்லை. போர் வந்தேவிட்டதா, சீதையின் துயரம் இன்னும் தீரவில்லையா, விண்ணும் மண்ணும் பரவிய நம் புகழ் போய்விட்டதா, அழியுங் காலம் வந்துவிட்டதா என்றே வினவினான். போர்க்கோலம் பூண்டு நிற்கும்போதும், சிறைப்பட்ட ஒருத்தியின் துயரத்தை அவன் முதலில் நினைத்தான். அவளை விடுத்து, இராமனைப் பணிந்து, பிரிந்துபோன தம்பியுடன் மீண்டும் கூடி வாழ்தலே உய்யும் வழி என்று மீண்டும் அறிவுரை கூறினான். அது கூடாதாயின், படையைச் சிறிது சிறிதாக அனுப்பி மாளவிடாமல், எல்லோரும் ஒருசேரச் சென்று தாக்குவதே தக்கது என்றும் சொன்னான்.

இராவணன் வெகுண்டான். இரண்டு மனிதரை வணங்கியும், கூன் விழுந்த குரங்குகளைக் கும்பிட்டும் பிழைத்துக்கிடக்கும் தொழில் உனக்கும் உன் தம்பிக்குமே உரியது. யான் அதனைச் செய்யேன் என்று ஏசினான். இவ்விடத்தில் கம்பர் அமைத்துள்ள சிக்கலை நாம் நன்கு உணர்தல் வேண்டும். அறத்தை எடுத்துக்கூறிய ஒருவன்மீது உயிராசை கொண்டவன் என்னும் பழி விழுகிறது. இப்பழியைத் துடைக்க அவனுக்கு ஒரே வழிதான் உண்டு. அது தன்னுயிரைக் கொடுப்பது.

கும்பகருணன் சூலத்தை ஏந்தினான். தான் சொன்னவற்றைப் பொறுத்தருளுமாறு தமையனை வேண்டினான். வென்று வருவேன் என்று அவன் வாய்ப்பந்தல் இடவில்லை. ஊழ் தன் பிடரியைப் பிடித்துத் தள்ளுகின்றது என்றும், தான் இறப்பது உறுதி என்றும் சொன்னான். இறந்தபின்னராவது சீதையை விட்டுவிடுதல் நல்லது என்று இறுதியாக ஒருமுறை வேண்டினான். இதுவரை தான் செய்த குற்றம் ஏதேனும் இருந்தால் மன்னிக்குமாறு கேட்டு, இனி நாம் ஒருவர் முகத்தை ஒருவர் காண்பதில்லை என்று விடைபெற்றுச் சென்றான். வன்னெஞ்சனாகிய இராவணனும் அவன் சென்ற திசையை நோக்கிக் கண்ணீர் சொரிந்தான். பேணியவன் கண்களில் நீர் பெருகும் சாவு என்று வள்ளுவர் குறித்தது இத்தகைய சாவையே அன்றோ!

போர்க்களத்தில் மலைபோல் வந்த கும்பகருணனைக் கண்டு இராமன் வியந்தான். அவன் யாவன் என்பதையும், அவன் தமையனுக்கு அறவுரை கூறியவன் என்பதையும் வீடணன் விளக்கினான். இவனைக் கொல்லுவதினும் நம்முடன் சேர்த்துக்கொள்ளுதல் நன்று என்று சுக்கிரீவன் கருதினான். வீடணனே தூது சென்றான். இராமாயணம் முழுவதிலும் நெஞ்சை உருக்கும் உரையாடல்களுள் இது தலையாயது.

தம்பி தன் அடியில் விழக்கண்ட கும்பகருணன் அவனை எடுத்துத் தழுவிக்கொண்டான். ஆனால், அவன் மகிழவில்லை, வருந்தினான். நீ ஒருவனாவது தப்பிச் சென்றாய் என்று நான் மகிழ்ந்திருந்தேனே! அம்மகிழ்ச்சி சிதறும்படி ஏன் தனியே திரும்பி வந்தாய்? எம் குலம் தீநெறியால் அழிந்தாலும், உன்னால் அன்றோ புலத்தியன் மரபு நிலைபெறும் என்று எண்ணியிருந்தேன்! நாங்கள் அனைவரும் அம்புமழையில் மாண்டால், எள்ளும் நீரும் இறைத்து எங்கள் இறுதிக்கடனைக் கழிப்பவர் வேறு யார்? இவ்வாறு அவன் வினவினான்.

இவ்வினாவின் பொருள் ஆழமானது. தான் உயிர்விட வந்திருக்கும் ஒருவன், தன் தம்பி உயிர் வாழவேண்டும் என்று விரும்புகிறான். தம்பி சென்றதை அவன் இரண்டகம் என்று பழிக்கவில்லை. அவன் உயிருடனிருத்தலைக் குடும்பத்தின் நல்வினையாகக் கருதுகிறான். உயிரைக் கொடுத்தலே உயர்வு, உயிருடனிருத்தல் இழிவு என்னும் எளிய கணக்கு அவனிடம் இல்லை.

வீடணன் தான் வந்த காரணத்தைக் கூறினான். இராமன் உனக்கும் அடைக்கலம் தருவான். அவன் எனக்கு அளித்த இலங்கை அரசையும் உனக்கே தந்து, உன் ஏவல் கேட்டு நிற்பேன் என்றான். உயிரும் கிடைக்கிறது, அரசும் கிடைக்கிறது, அறத்தின் பக்கம் சேர்ந்தான் என்னும் புகழும் கிடைக்கிறது. ஒரு மனிதனை அசைப்பதற்கு இவற்றினும் மிகுதியாக என்ன வேண்டும்?

கும்பகருணன் அசையவில்லை. அவன் கூறிய மறுமொழியின் சுருக்கம் இது: வாழ்க்கை நீரின்மேல் வரைந்த கோலம் போன்றது. அதனை விரும்பி, என்னை நெடுங்காலம் வளர்த்துப் போர்க்கோலமும் செய்து அனுப்பிய தமையனுக்கு உயிர் கொடாமல் அப்பக்கம் வரமாட்டேன். தலைவன் அறிவின்றித் தீமையை எண்ணினால், திருத்த இயலுமாயின் திருத்தவேண்டும். திருத்த இயலாதாயின், பகைவர் பக்கம் சேர்வதனால் வரும் பயன் யாது? அவன் சோற்றை உண்டவர்க்கு உரியது, போர்புரிந்து அவனுக்கு முன்னரே சாதல். மேலும், தம்பியர் ஒருவரும் உடன் வீழாமல், அண்ணன் ஒருவனே களத்தில் மாண்டு கிடத்தல் தகுமோ? அவன் உயிரைக் கவர்ந்த பகைவரை வாழ்த்திக் கும்பிட்டு, புண்பட்ட நெஞ்சோடு என்னால் வாழ இயலாது.

இவ்வாறு கூறியவன் தம்பிக்குத் தன் நெறியை வற்புறுத்தவில்லை. நீ அறத்தையே வரமாகப் பெற்றவன். உனக்கு இராமனைச் சேர்தலே தக்கது. எனக்கு இச்சாவே புகழ் என்று இருவர் நெறியையும் பிரித்துக் காட்டினான். ஆகவேண்டியது ஆகுங்காலத்தில் ஆகும். அழியவேண்டியது அருகில் நின்று காத்தாலும் அழியும். எமக்காக இரங்காமல் செல்க, நீ என்றும் இருப்பாய் என்று வாழ்த்தினான். மீண்டும் தம்பியை மார்புறத் தழுவிக் கண்ணீர் வடித்தான். வீடணன் திரும்பிச் சென்று, தன்னால் இயன்றவை எல்லாம் சொல்லியும் தமையன் குலத்தின் மானத்தைச் சிறிதும் விட்டிலன் என்று இராமனிடம் கூறினான்.

பின்னர் நடந்த கடும்போரில் கும்பகருணன் சுக்கிரீவனைத் தூக்கிச் சென்றான். மயக்கம் தெளிந்த சுக்கிரீவன் அவன் மூக்கையும் செவிகளையும் கடித்தெடுத்தான். இராமன் அம்புகளால் அவனுடைய கைகளும் கால்களும் அற்றன. அந்நிலையிலும் அவன் தன் உயிரை வேண்டவில்லை. இராமனிடம் இரண்டே வேண்டுகோள்களை வைத்தான். அவற்றுள் ஒன்று தம்பியைப் பற்றியது. நீதியால் வந்த பெருநெறியை அன்றிப் பிறப்பால் வந்த சிறுநெறியை என் தம்பி அறியான். இராவணன் அவனைக் கண்டால் உடன்பிறந்தான் என்று இரங்கமாட்டான். ஆதலால், உன்னையும் உன் தம்பியையும் அனுமனையும் அவன் ஒருபோதும் பிரியாதிருக்க அருள்க என்றான். மற்றொன்று மானத்தைப் பற்றியது. மூக்கிழந்த தன் முகத்தைப் பிறர் காணாவண்ணம், தலையைக் கொய்து கடலில் ஆழ்த்துமாறு வேண்டினான். இராமன் அவ்வாறே செய்தான்.

இனி, வீடணனையும் நாம் நடுநிலையில் நின்று நோக்குதல் வேண்டும். அண்ணனைக் காட்டிக்கொடுத்தவன் என்று அவனைப் பழிப்போர் இன்றும் உளர். தமையனைவிட்டுப் பகைவரிடம் சென்றமையும், அவனிடம் முடிபெற்றமையும் அப்பழிக்கு இடந்தருகின்றன. ஆயினும், அவன் உயிருக்கு அஞ்சி ஓடியவன் அல்லன். தமையனின் சினம் தன்மேல் பாயும் என்றறிந்தும் அவையில் மீண்டும் மீண்டும் உண்மையைச் சொன்னவன். விரட்டப்பட்ட பின்னரே நீங்கியவன். அவன் சென்றடைந்த இடமும் அச்சமற்றதன்று. பகைவனின் தம்பியை நம்பலாகாது என்று சுக்கிரீவன் முதலியோர் ஐயுற்றனர். அனுமன் ஒருவனே அவனுக்காகப் பரிந்து பேசினான். இறுதியில் இராவணன் வீழ்ந்தபோது, வீடணன் அவ்வுடல்மேல் விழுந்து அழுதான். இறுதிக்கடன்களையும் அவனே செய்தான். எள்ளும் நீரும் இறைப்பவர் யார் என்று கும்பகருணன் கேட்ட வினாவிற்கு அதுவே விடையாயிற்று. மாண்டவன் தன் கடனை மாண்டு தீர்த்தான். வாழ்ந்தவன் தன் கடனை வாழ்ந்து தீர்த்தான்.

இவ்விடத்தில் பாரதத்துக் கன்னனை ஒப்புநோக்குதல் பயனுடையது. தேரோட்டியின் மகன் என்று பிறர் இகழ்ந்தபோது, அவனுக்கு நாடும் நட்பும் தந்தவன் துரியோதனன். தான் குந்தியின் மூத்த மகன் என்றும், பாண்டவரை அடைந்தால் அரசு தனக்கே உரியதாகும் என்றும் அறிந்த பின்னரும் கன்னன் தன் நண்பனைவிட்டு நீங்கவில்லை. வில்லிபுத்தூரார் பாரதத்தில், தன் மனைவியின் மேகலை அறுந்து மணிகள் சிதறியபோதும் ஐயுறாமல், அவற்றை எடுக்கவா கோக்கவா என்று வினவிய துரியோதனனின் நம்பிக்கையைக் கன்னன் தன் தாயிடம் உருக்கத்தோடு எடுத்துரைக்கிறான். அந்நம்பிக்கைக்கு அவன் தன் உயிரை விலையாகக் கொடுத்தான். கும்பகருணனைப் போலவே அவனும் உய்யும் வழியை அறிந்தே மறுத்தவன்.

ஆயினும், இருவர்க்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. கும்பகருணன் தன் தலைவனின் தீமையைத் தீமை என்று அவன் முகத்திற்கு நேரே சொன்னான். கன்னனோ, வியாச பாரதத்தின்படி, திரௌபதி அவையில் இழிவுற்ற வேளையில் அத்தீச்செயலைத் தூண்டியவர்களுள் ஒருவனாயிருந்தான். நண்பனுக்காக உயிர்கொடுக்கத் துணிந்த அவன், அந்நண்பனைத் தடுத்து ஒரு சொல் சொல்லத் துணியவில்லை. அச்சொல்லைச் சொல்லியிருந்தால் துரியோதனன் கேட்டிருப்பானோ என்பது வேறு. சொல்லாமை கன்னனுடைய குறையே ஆகும். உயிரைக் கொடுக்கும் அன்பு பெரிது. ஆனால், உண்மையைக் கொடுக்காத அன்பு நிறைவுடையதாகாது.

உயிர் வாழ்தலே நன்றிக்கடனாக அமைவதும் உண்டு என்பதற்குச் சங்க இலக்கியம் சான்று தருகின்றது. 1894-ஆம் ஆண்டில் உ. வே. சாமிநாதையரால் அச்சேறிய புறநானூற்றில், பாரி வள்ளலின் வரலாற்றைக் காண்கிறோம். அவனுடைய பறம்பு நாடு 300 ஊர்களை உடையது. மூவேந்தரின் பகையால் பாரி மாண்டான். அவனுடைய உயிர்த்தோழரான கபிலர் உடன்மாய விரும்பினார். ஆனால், பாரி அவரைத் தன்னுடன் வரவிடாமல், இருந்து வருமாறு கூறிச் சென்றான். உடன்வர இசையாமல் தன்னைப் பிரித்துவிட்டாயே என்று அப்புலவர் நொந்து பாடியுள்ளார்.

அவர் இருந்தார். எதற்காக? பாரியின் மகளிர் ஆதரவற்று நின்றனர். அவர்களை அழைத்துக்கொண்டு கபிலர் விச்சிக்கோனிடம் சென்றார், இருங்கோவேளிடமும் சென்றார். அவர்களை மணந்துகொள்ளுமாறு வேண்டினார். மூவேந்தரின் பகையைத் தேடிக்கொள்ள அம்மன்னர்கள் விரும்பவில்லை போலும்; இசைந்திலர். புகழ்பெற்ற பெரும்புலவர், தோழனின் பெண்களுக்காக வாயில்தோறும் சென்று மறுப்பைப் பெற்றார். இறுதியில் அம்மகளிரைப் பார்ப்பாரிடம் ஒப்படைத்து, தம் பொறுப்பை முடித்த பின்னரே வடக்கிருந்து உயிர்நீத்தார். வடக்கிருத்தலாவது, உணவைத் துறந்து வடதிசை நோக்கியிருந்து உயிர்விடுதல். பாரி மாண்ட அன்றே கபிலரும் மாண்டிருந்தால் உலகம் அவரைப் புகழ்ந்திருக்கும். ஆனால், அம்மகளிரின் நிலை என்னாகியிருக்கும்? உடனே இறப்பதினும், துயரத்தைச் சுமந்துகொண்டு இருந்து கடனாற்றுவது அவருக்கு அரிதாயிருந்தது. அவர் அரியதையே செய்தார்.

இவ்வரலாறுகளை ஒருங்கு வைத்து நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். ஒருவன் மாண்டான் என்பதனாலேயே அவன் நன்றியுடையவன் ஆகிவிடான். வாழ்ந்தான் என்பதனாலேயே நன்றி மறந்தவன் ஆகிவிடான். எதற்காக மாண்டான், எதற்காக வாழ்ந்தான் என்பதே வினா. தன் நலம் ஒன்றையே கருதி உறவை உதறியவன் நூறாண்டு வாழினும் இலக்கியம் அவனைப் போற்றுவதில்லை. அவ்வாறே, தலைவன் செய்வன யாவும் சரி என்று தலையாட்டி, அவனுடன் வீழ்பவனையும் அது முழுமையாகப் போற்றுவதில்லை.

கும்பகருணன் உயர்ந்து நிற்பதற்குக் காரணம் அவன் இறந்தமை மட்டும் அன்று. இறப்பதற்கு முன் அவன் தமையனுக்கு மும்முறை உண்மையைச் சொன்னான்; தீமையை நன்மையென்று தன் நெஞ்சிற்கும் பொய்சொல்லிக்கொள்ளவில்லை; வேறுநெறியில் சென்ற தம்பியை வெறுக்கவுமில்லை. இம்மூன்றும் இல்லாத விசுவாசம் வெறும் அடிமைத்தனமாக மாறிவிடும். எனினும், அவனுடைய வீரமும் உயிரும் தீமை செய்தவனுக்கே பயன்பட்டன என்னும் உண்மையைக் கம்பர் மறைக்கவில்லை. அவனால் இலங்கையின் அழிவைத் தடுக்கவும் இயலவில்லை. சீதையின் துயரைத் தீர்க்கவும் இயலவில்லை. ஆதலால்தான் அவன் சாவு நமக்குப் பெருமிதத்தை மட்டுமன்றி, ஆறாத துயரத்தையும் தருகின்றது.

களத்தில் உயிர்விடவேண்டிய நிலை நம்மில் பெரும்பாலோர்க்கு நேராது. ஆனால், நண்பன் ஒருவன் தவறு செய்யக் கண்டு, அதைச் சொன்னால் நட்பு முறியுமோ என்று தயங்கும் நிலை மாணவப் பருவத்திலேயே நேர்வதுண்டு. பலரும் ஒருவனை ஒதுக்கும்போது, அவனுடன் நின்றால் தமக்கும் இழுக்கு வருமோ என்று அஞ்சும் நிலையும் நேர்வதுண்டு. அவ்வேளைகளில் அண்ணன் முகத்திற்கு நேரே உண்மையைச் சொல்லிவிட்டு, பின்னும் அவனிடம் அன்பு மாறாதிருந்த கும்பகருணனை நினைத்தல் நன்று. உண்மையைச் சொல்லுதலும் உறவைக் கைவிடாமையும் ஒரே நெஞ்சில் இருத்தல் கூடும் என்பதை அவன் காட்டிச் சென்றான்.

பயிற்சி வினாக்கள்

1. 'செஞ்சோற்றுக் கடன்' என்பதன் பொருளை விளக்குக.

2. தலைவனுக்கு உரியவர் ஆற்றவேண்டிய கடமைகளாக வள்ளுவர் கூறுவன யாவை? அவை கும்பகருணனிடம் எவ்வாறு பொருந்துகின்றன?

3. வீடணன் தன்முன் வந்து நின்றபோது கும்பகருணன் ஏன் வருந்தினான்?

4. கும்பகருணன் இராமனிடம் வேண்டிய இரண்டினையும் எழுதி, அவற்றால் புலப்படும் அவன் பண்புகளைக் கூறுக.

5. கும்பகருணன், கன்னன் ஆகிய இருவரையும் ஒப்பிட்டு ஒற்றுமை வேற்றுமைகளைக் காட்டுக.

6. 'உயிர் வாழ்தலும் நன்றிக்கடனே ஆகும்' என்பதைக் கபிலர் வரலாற்றால் நிறுவுக.

7. வீடணன் செய்தது சரியா, தவறா? காரணம் காட்டி ஒரு பக்க அளவில் கட்டுரை வரைக.